உருக்கு, மடக்கு, சுருட்டு: ஒரு சட்டைப்பைக் கத்தியின் வரலாறு

தமிழிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொற்களைப் பட்டியலிடச் சொன்னால் கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு என்று தொடங்குவோம். பட்டியல் முடியும்போது பெருமிதமும் நிறைவடைந்துவிடும். ஒரு சொல் கடல் கடந்தபோது அது குறித்த பொருளின் எந்தப் பகுதி உடன் போயிற்று, எந்தப் பழக்கம் கரையிலேயே நின்றுவிட்டது, போன இடத்தில் அப்பொருளுக்கு என்ன கருவி புதிதாகத் தேவைப்பட்டது என்றெல்லாம் அப்பட்டியல்கள் கேட்பதில்லை. இந்தப் பதிவு அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியது.

சிகார் புகைப்பவருக்கென்று கையால் செய்யப்படும் மடக்குக்கத்தி, ஐரோப்பிய, அமெரிக்கக் கத்திக் கைவினைஞர்களிடையே இன்று ஒரு தனி வகை. விலை மிகுதி, செய்ய நாள் பிடிக்கும், வாங்குவோர் சிலரே. அதன் அழகைப் பற்றி எழுதியவர்கள் பலர். எனக்கு அதில் ஆர்வமூட்டுவது வேறு. புகையிலைச் சுருளுக்குத் தன் பெயரைத் தந்த மொழியில் ‘சுருட்டுக்கத்தி’ என்ற சொல் வழக்குப் பெறவில்லை. தமிழகத்தில் கத்திகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை, சுருட்டுக்கும் இருந்ததில்லை. இரண்டும் ஏன் ஒரே சட்டைப்பையில் சந்திக்கவில்லை?

முதலில் ஒரு சொல் ஒழுங்கு. தமிழில் ‘சுருட்டு’ இருவகைப் பொருளையும் குறிக்கும். இங்கே, இருமுனையும் வெட்டித் திறந்த நம் வகையைச் சுருட்டு என்றும், தலைமுனை இலைத்துண்டால் மூடப்பட்ட கியூபா மரபு வகையைச் சிகார் என்றும் குறிக்கிறேன். இந்தப் பிரிவினை என் கற்பனையன்று. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதே வேறுபாட்டைத்தான் சொல்கிறது: ‘செரூட்’ என்பது சிகார்தான் எனினும், இருமுனையும் தறிக்கப்பட்ட சிகாருக்கே அப்பெயர் சிறப்பாக உரியதாயிற்று, இந்தியச் சிகார்களும் மணிலாச் சிகார்களும் முன்னாளில் எப்போதும் அவ்வாறே இருந்தன. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். சுருட்டை அருகிருந்து பார்த்திருக்கக்கூடிய மனிதர். இப்பதிவில் என்னை நிறுத்தியது ‘முன்னாளில்’ என்ற அந்த ஒரு சொல். 1886க்குள்ளாகவே இங்கும் முனை மூடிய வகை நுழைந்திருந்தது என்பதை வேறெந்தச் சான்றையும்விட இந்த வினையடை தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இன்னும் இருநூறு ஆண்டுகள் பின்னே போனால் தாமஸ் பௌரி என்ற ஆங்கில வணிகரின் குறிப்பு கிடைக்கிறது. 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளில் தாம் கண்டவற்றை அவர் எழுதிவைத்தார்; அக்கையெழுத்துப்படி 1905இல்தான் அச்சேறியது. ஏழை மக்கள் வெறும் இலையைச் சுருட்டி, ஒரு முனையைக் கொளுத்தி, மறுமுனையை உதடுகளுக்கிடையே வைத்துப் புகைக்கிறார்கள் என்றும், போர்த்துக்கேயர் அதனைச் ‘செரூட்டா’ என்கிறார்கள் என்றும் அவர் பதிவு செய்கிறார். மூன்று செய்திகள் இதில் அடங்கியுள்ளன. சொல் ஆங்கிலத்துக்கு வந்த வழி போர்த்துக்கேயம். புகைப்பவர் ஏழை. அவரிடம் இலையும் நெருப்பும் தவிரக் குழாய், கிண்ணம், கத்தி எதுவும் இல்லை. பௌரிக்கு அது இழிவான முறையாகப் பட்டது. ஆனால் ஆதிமுறை அதுவாகவே இருக்கவேண்டும் என்றும் அவர் ஊகிக்கிறார்.

கத்தி ஏன் இல்லை என்பதற்கு விடை சுருட்டின் உடலமைப்பிலேயே இருக்கிறது. திருச்சி உறையூரிலோ திண்டுக்கல்லிலோ சுருட்டுபவர் உள்ளிலையைக் கூட்டி, மேலிலையைச் சுற்றி, கடைசியில் இரு முனைகளையும் நறுக்கி அளவுபடுத்துவார். வெட்டும் வேலை அவர் கையிலேயே முடிந்துவிடுகிறது. வாங்குபவர் எடுத்துக் கொளுத்த வேண்டியதுதான். எந்த முனையை வாயில் வைப்பது என்பதுகூட அவர் விருப்பம். சுருட்டுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. (ஆந்திரக் கடலோரத்தில் மீனவப் பெண்கள் ‘சுட்டா’வை எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் மருத்துவ ஆய்வாளர்களால் நெடுநாளாகக் கவனிக்கப்பட்டுவருகிறது, மேலண்ணப் புற்றுநோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு உறுதியானது. சுட்டா சுருட்டின் உறவுச்சொல். புகையிலையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது.)

சிகாரின் கதை வேறு. ஆவானாவின் ஆலைகளில் சுருட்டுபவரின் மேசைமீது இருக்கும் முதன்மைக் கருவி ‘சவேத்தா’. பிடியில்லாத, பிறைபோல் வளைந்த விளிம்புடைய தட்டையான அலகு. மேலிலையை வெட்டுவது, நரம்பை விலக்குவது, சிகாரை உருட்டி இறுக்குவது எல்லாம் அதனால்தான். சுற்றி முடித்தபின் அதே மேலிலையிலிருந்து காசளவு வட்டத்துண்டு ஒன்றை எடுத்து, தாவரப் பசை தடவித் தலைமுனையில் ஒட்டுவார். அதுதான் தொப்பி. மேலிலை பிரியாமல் காப்பதும், கடை சேரும்வரை முனை உதிராமல் பார்ப்பதும் அதன் வேலை. ஆனால் தொப்பியோடு புகைக்க முடியாது. யாராவது அதை வெட்டியாக வேண்டும். தொழிலாளி மூடிய முனையை நுகர்வோர் திறக்கவேண்டும் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று. சுருட்டில் தொழிலாளியின் கையில் முடிந்துபோன கடைசி வெட்டு, சிகாரில் புகைப்பவரின் கைக்கு மாறியது. மாறிய கணத்திலேயே அதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. கருவி வந்தபின் அதைச் சுற்றி ஒரு சடங்கும் சேர்ந்தது. சிகார்க் கத்தியின் வரலாறு முழுவதும் இந்த இடமாற்றத்துக்குள் அடங்கும் என்பது என் கருத்து.

கத்தி எங்கிருந்து வந்தது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை; வேலையிழந்த ஒரு கத்தி ஏற்கெனவே சட்டைப்பையில் இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பென்னைஃப்’. நாம் ‘பேனாக்கத்தி’ என்கிறோம். பேனாவை வெட்டும் கத்தி என்ற இப்பெயரின் பொருள் இன்று பெரும்பாலோர் மனத்தில் எழுவதில்லை. பறவையிறகின் தண்டைச் சீவி, பிளந்து, எழுதுமுனை ஆக்கவும், எழுத எழுத மழுங்கும் முனையைத் திரும்பத் திரும்பக் கூராக்கவும் எழுத்தர்கள் பயன்படுத்திய சிறுகத்தி அது. அலகு மெல்லியது, குறுகியது, விளிம்பு நேரானது. இறகுத்தண்டு நகத்தைப்போல உறுதியானது, எளிதில் பிளவுபடுவது. தடித்த அலகு பட்டால் வேண்டாத இடத்தில் பிளந்துவிடும்.

இதற்கு நிகரான ஒரு கருவி தமிழகத்தில் இருந்ததை மொழி மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். எழுத்தாணி வகைகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்பவற்றோடு மடக்கெழுத்தாணியும் ஒன்று. ஒருபுறம் எழுதும் ஆணி, மறுபுறம் ஓலை வாரும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அருங்காட்சியகங்களில் இவற்றைப் பார்த்தவர்கள் அவற்றின் பிடி வேலைப்பாட்டை மறக்கமாட்டார்கள். மேற்கில் இறகுக்கு நேர்ந்தது இங்கே ஓலைக்கு நேர்ந்தது: எழுதுபொருளைச் சீர்செய்ய ஒரு கத்தி, எழுதுபவருடன் பயணம் செய்ய ஒரு மடக்கு. இரு நிலங்களிலும் சட்டைப்பைக் கத்தி எழுத்தின் துணைக்கருவியாக வளர்ந்தது என்பதற்குக் கொடுக்கப்படவேண்டிய அழுத்தம் கத்தி வரலாறுகளில் கொடுக்கப்படுவதில்லை. (மடியில் செருகுவதைச் சட்டைப்பை என்று சொல்வது காலமுரண் என்பதை அறிவேன்.) பிறகு காகிதமும் அச்சும் பள்ளிக்கூடமும் ஓலையை ஒதுக்கின, மடக்கெழுத்தாணி வேறு வேலைக்குப் பெயராமல் காட்சிப்பொருளாயிற்று. அதன் கத்தியை வேறெதற்கேனும் கேட்கும் பொருள் எதுவும் அன்றைய தமிழ்ப் புலவரின் மடியில் இல்லை. அவர் புகைத்திருந்தாலும் அது சுருட்டாகவே இருந்திருக்கும்.

பேனாக்கத்திக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது. 1820களிலும் 1830களிலும் பர்மிங்காம் ஆலைகள் எஃகுப் பேனாமுனைகளை மலிவாகக் குவித்தன. ஜோசையா மேசன், ஜோசஃப் கில்லட் ஆகியோரின் பெயர்கள் எழுதுகருவி வரலாற்றில் நிலைத்தவை. இறகு ஒரு தலைமுறைக்குள் பின்வாங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் சிகார் பிரிட்டனில் பரவியது. நெப்போலியனுக்கு எதிராக ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் போரிட்டுத் திரும்பிய அலுவலர்கள் அப்பழக்கத்தைக் கொண்டுவந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். இறகு போயிற்று, சிகார் வந்தது, கத்தி அதே பையில் இருந்தது. இறகுத்தண்டு கேட்ட மெல்லிய நேரலகையே காய்ந்த புகையிலைத் தொப்பியும் கேட்டது. அலகின் வடிவம் ஏறத்தாழ மாறாமலேயே அதன் தொழில் மாறியது. சொற்கள் வடிவம் மாறாமல் பொருள் மாறுவதைப் பொருண்மையியலில் படிக்கிறோம். கருவிகளுக்கும் அது உண்டு.

இக்காலத்துக்குச் சற்று முன்பே இந்தியா இன்னொரு வழியாக அந்த அலகுக்குள் நுழைந்திருந்தது. 1794இல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட், லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவராயிருந்த ஜோசஃப் பேங்க்ஸுக்கு எஃகுக் கட்டிகளை அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டுரைத் தலைப்பிலேயே ஒரு பிழை: பம்பாயில் செய்யப்படும் எஃகு என்று அதில் இருக்கிறது. கப்பல் ஏறிய துறைமுகம் பிறந்த ஊராகிவிட்டது. செய்தவர்கள் இருந்ததோ தெற்கே, மைசூர், சேலம், தெலங்கானப் பகுதிகளில். இரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையுடனும் எருக்கிலை போன்ற பச்சிலைகளுடனும் சிறு மண்மூசைக்குள் இட்டு, வாய்மூடி, உலையில் மணிக்கணக்காக உருக்கி எடுக்கும் முறை அது. ‘வூட்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் கன்னட, தெலுங்கு ‘உக்கு’ திரிந்தது என்பர். தமிழ் ‘உருக்கு’ அதன் இனச்சொல். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கலைஞர் இவ்வெஃகை அடித்துப் பார்த்து, அதில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் பிற நுண்கத்திகளும் செய்தார். ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகைக் காட்டிலும் இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். பின்னாளில் அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகள் குறித்துச் செய்த ஆய்வுகள் 1820 முதல் வெளிவந்தன.

இங்கே இலக்கண மாணவர் ஒருவரால் கடந்துசெல்ல முடியாத ஒரு தற்செயல் இருக்கிறது. உருகு – உருக்கு. மடங்கு – மடக்கு. சுருள் – சுருட்டு. மூன்றும் தன்வினை, பிறவினை இணைகள். மூன்றிலும் பிறவினை வடிவமே பெயராகவும் நிற்கிறது: உருக்கப்பட்டது உருக்கு, சுருட்டப்பட்டது சுருட்டு, மடக்கப்படுவது மடக்கு. பிறவினை என்றால் செய்விப்பவர் ஒருவர் உண்டு என்று பொருள். இரும்பு தானே உருகிவிடவில்லை. இலை தானே சுருண்டுவிடவில்லை. சொல்லின் இடையே இரட்டித்து நிற்கும் வல்லெழுத்தில் ஒரு தொழிலாளியின் கை பதிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்றும் ‘வூட்ஸ்’ என்றும் ஆனபோது அந்த இலக்கணம் கழன்று, வெறும் பண்டப்பெயர் மிஞ்சியது. கடன்சொற்களுக்கு எப்போதும் நேர்வதுதான். ஆயினும் இந்த இரண்டு விடயத்திலும் கழன்றுபோனது வேலை செய்தவரின் தடம் என்பதை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

செய்தவரின் தடம் ஷெஃபீல்டிலும் அவ்வளவாகத் தெரிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டைப்பைக் கத்திகளின் தலைநகர் அதுவே. ஜோசஃப் ராஜர்ஸ் நிறுவனம் 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட ஒற்றைக் கத்தியைச் செய்து வைத்தது; அதனால் எதையும் வெட்ட முடியாது, வியக்க மட்டுமே முடியும். கத்தியை அடிப்பவர், சாணை பிடிப்பவர், பூட்டிச் சேர்ப்பவர் என்று வேலை பிரிந்திருந்தது. சாணை பிடித்தவர்களின் நுரையீரலில் கல்தூசும் இரும்புத்தூசும் படிந்து இளமையிலேயே மாண்டதை ஏங்கல்ஸ் 1845இல் வெளியான தம் நூலில் மருத்துவர் சான்றோடு எழுதியிருக்கிறார். பிடிகளில் இந்தியா மீண்டும் தலைகாட்டுகிறது: ‘ஸ்டாக்’ என்று கத்தி வணிகத்தில் பெயர்பெற்ற சொரசொரப்பான பிடிப்பொருளில் பெரும்பகுதி இந்திய மிளாமானின் கொம்பு. 1990களின் இறுதியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியை நிறுத்தும்வரை அது தொடர்ந்தது. பழைய இருப்பை இன்றும் கைவினைஞர்கள் தேடி வாங்குகிறார்கள்.

இனி வடிவமைப்புச் சிக்கலுக்கு வருவோம். சிகாரின் தடிமன் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படுகிறது. 50 என்ற அளவுள்ள சிகார் ஏறத்தாழ 20 மி.மீ. விட்டமுடையது. வெட்டவேண்டியது அதன் நுனியில் இரண்டு மி.மீ. அளவே. தொப்பி முடியும் கோட்டுக்குக் கீழே வெட்டு இறங்கினால் மேலிலை பிரிந்து, புகைப்பவர் கையிலேயே அவிழத் தொடங்கும். இதில் ஒற்றை அலகுக் கத்திக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கத்தரிக்கு எதிர்விளிம்பு இருக்கிறது, கத்திக்கு இல்லை. மேலிருந்து அழுத்தினால் காய்ந்த சுருள் நசுங்கி, வெட்டுவதற்கு முன்பே வெடிக்கும். ஆகவே கத்தியை அழுத்தாமல், சிகாரைக் கட்டைவிரலுக்கு எதிரே உருட்டி, தொப்பிக் கோட்டில் மெல்லக் கீறி, மூடியை நெம்பி எடுக்கவேண்டும்; அல்லது இரு சாய்வெட்டில் நடுவே ஓர் ஆப்புவடிவக் கீற்றை எடுக்கவேண்டும். முதல் முறைக்கு நேர்விளிம்பு உகந்தது. வயிறு வளைந்த அலகு உருளும் பரப்பில் நழுவும். முதுகு தடித்தால் கீறல் பிளவாகும், இரண்டு மி.மீ.க்கு மேல் தடிமன் கொண்ட அலகை எந்தச் சாணையும் இவ்வேலைக்கு முழுதாகத் தேற்றிவிட முடியாது. கோட்டையே பிளப்பதுபோல் கனத்த அலகோடு ‘சிகார் கத்தி’ என்று விற்கப்படுபவை பல. அவற்றை வடிவமைத்தவர்கள் பெட்டியை நினைத்துச் செய்தார்கள், தொப்பியை நினைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் வேறு தீர்வு கண்டன. கத்தியின் பிடியிலேயே ஒரு துளை. சிகாரின் தலையை அதில் நுழைத்து அலகையோ தனி வெட்டியையோ மூடினால், துளையின் விளிம்பு எதிர்விளிம்பாகி நறுக்கிவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் துளையின் அளவு சிகாரின் அளவைக் கட்டிப்போட்டது. மெல்லிய சிகார்களுக்கென இட்ட துளையில் இன்றைய பருமனான சிகார்கள் நுழைவதில்லை. பழைய கத்தியின் துளையை அளந்தால் அக்காலச் சிகாரின் தடிமன் தெரிந்துவிடும் என்பது பொருள்பண்பாட்டு ஆய்வாளர்களுக்கு ஒரு சிறு கொடை.

மடக்கின் உள்ளமைப்பு இன்னும் நுட்பமானது. பூட்டில்லாத மரபுக் கத்தியில் அலகின் அடிப்பகுதி முதுகுப்புற வில்லின்மேல் அழுந்தி நிற்கும். திறக்கும்போது அடிப்பகுதியின் மூலை வில்லைத் தூக்கும். முழுதாகத் திறந்ததும் தட்டையான பக்கம் வில்லோடு பொருந்தி அமரும். அப்போது எழும் ஒலியைக் கொண்டே கத்தியின் தரத்தைச் சொல்லிவிடும் கைவினைஞர்கள் உண்டு. வில் அளவுக்கு மீறி இறுகினால் நகம் உடையும். தளர்ந்தால் அலகு விரல்மேல் மூடும். இரண்டுக்கும் நடுவேயுள்ள பதத்தை அளவுகோல் கொண்டு எட்ட முடியாது. அரத்தால் ஒவ்வொரு தடவையும் சிறிது தேய்த்து, பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றித் தேய்க்கவேண்டும். கையால் செய்தது என்ற சொல்லுக்கு இங்கேதான் உண்மையான பொருள் இருக்கிறது. பிடியின் பளபளப்பில் அன்று. சிகாருக்கென்று வரும்போது கூடுதலாக ஒன்று: புகையிலைத் துகள். அது பிடியின் பள்ளத்துக்குள் விழும், ஈரத்தை இழுக்கும், அலகில் துருவேற்றும். கரியெஃகு அலகு பழச்சாற்றில் கறுத்து நாவில் இரும்புச்சுவை ஏற்றியதால்தான் மேட்டுக்குடியினர் பழத்துக்கென வெள்ளியலகு வைத்துக்கொண்டனர். வெள்ளியில் தொப்பி கீறும் கூர் நில்லாது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியபின் இந்த இடர் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் பள்ளத்தைத் துடைக்க இடம் விட்டுச் செய்வதே நல்ல வடிவமைப்பு.

இத்தனையும் சொல்லி, இந்தக் கத்தியை இந்தியாவில் ஒருவர் செய்து, ஒருவர் பையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி விளையாட்டன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் பொதுவாக 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட அலகுகளையே ஆயுதமாகக் கொள்கின்றன. வீட்டு, வேளாண் பயன்பாட்டுக்கானவை விலக்கு. ஆனால் டெல்லியில் 1980இல் வெளியான ஓர் அறிவிக்கை, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய வில்விசைக் கத்திகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ‘பட்டன்தார் சாகு’ என்ற சொற்றொடர் அதன்பின் டெல்லிக் குற்றவியல் தீர்ப்புகளின் நிலையான சொல்லாட்சியாகிவிட்டது. ராம்பூர்க் கத்தி எழுபதுகளின் இந்தித் திரைப்படங்களில் பெற்ற பெயரும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. நவாபுகளின் ஊரில் பித்தளைப் பிடியோடு கைவினையாக வளர்ந்த மடக்குக்கத்தி, திரையில் ஒரே ஒரு ஒலியாகச் சுருங்கியது. அந்த ஒலிக்குப் பின்னால் இருந்த அரவேலை யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அத்தீர்ப்புகளைச் சொல்வழக்குக்காக வாசித்தபோது ஒரு நடைமுறை என்னைத் துணுக்குறச் செய்தது. ஒருவரிடம் கத்தியைக் கைப்பற்றியதாகக் கூறும் காவலர், அதை வெள்ளைத்தாளின்மேல் வைத்துச் சுற்றிலும் கோடிழுத்து, அலகின் நீளம், அகலம், பிடியின் நீளம், மொத்த நீளம் ஆகியவற்றைக் குறித்துக் கையெழுத்திடுவார். வரைவுக் குறிப்பு என்று அதற்குப் பெயர். கத்திக் கலைஞர் ஒரு கத்தியைச் செய்யத் தொடங்குவதற்கு முன் வரையும் படமும் அதே கோடுகள், அதே நான்கு அளவுகள். முன்னது குற்றத்தின் ஆவணம். பின்னது கலையின் ஆவணம். எது எதுவாகும் என்பதைக் கத்தியின் அளவு ஒரு பங்கு தீர்மானிக்கிறது. யார் பையில் இருந்தது என்பது மறுபங்கு. பொதுமக்களில் எவரும் சாட்சியாகச் சேர்க்கப்படவில்லை என்ற வாசகம் அத்தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிகார் புகைப்பவர் எவரையும் நான் கண்டதில்லை; நடைபாதையில் நின்றவர், பேருந்து நிறுத்தத்தில் நின்றவர், இரவில் வேலை முடித்துத் திரும்பியவர் என்றுதான் அவர்கள் அறிமுகமாகிறார்கள். பௌரி பார்த்த ஏழையிடம் கத்தி இல்லை. இவர்களிடம் இருந்ததா என்பதே வழக்கு.

எனவே இந்திய வடிவமைப்பாளர் ஒருவர் இவ்வேலையை எடுத்தால் அலகை 6 செ.மீ. அளவில் நிறுத்துவதே தகும். தொப்பிக்கு அதற்குமேல் தேவையும் இல்லை. விசை வேண்டாம், நகக்குழியே போதும். முனை கூராக நீளவேண்டியதில்லை. ஆட்டுக்குளம்புபோல் மழுங்கி இறங்கும் முனையே கீறுவதற்கும் ஏற்றது, பையில் வைப்பதற்கும் ஏற்றது. மிளாக்கொம்பு வேண்டாம், கருங்காலியோ எருமைக்கொம்போ போதும். எஃகைப் பொறுத்தவரை, மூசையெஃகின் பழைய நுட்பத்தை மீட்டு இன்று சிறு அளவில் உருக்குவோர் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் அது ‘வூட்ஸ்’ என்ற பெயரிலேயே கிடைக்கும்.

போர்த்துக்கேயத்தில் இன்று ‘சாரூத்து’ என்பது எல்லாவகைச் சிகாருக்கும் பொதுப்பெயர். கியூபாவில் செய்த, தொப்பி ஒட்டிய சிகாரும் அம்மொழியில் சாரூத்துதான். லிஸ்பனிலோ சாவோ பாவ்லோவிலோ புகையிலைக் கடைக்குப் போனால் கண்ணாடிப் பேழைக்குள் அதன் முனையை நறுக்கும் கருவியும் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கோர்த்த-சாரூத்துஷ்’. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், சுருட்டுவெட்டி.